மாமனார் காரும் நாலு ரப்பர் வடையும்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று விசாரித்து எழுதிய வாசகர்களுக்கு நன்றி. ‘பல் டாக்டருக்கே பல் வலியா?’ என்று கேட்டு ஒரு கார்டு வந்திருந்தது. எழுதியவர் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருப்பார். இருக்கட்டும்.

பல் வலி இல்லை ஐயா. இடுப்பு வலி. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தால் உட்கார முடியவில்லை. படுத்துக்கொண்டு எழுதலாமே என்பீர்கள். எழுதிப் பார்த்தேன். பேனா மை என் பனியனுக்குள் இறங்கியதுதான் மிச்சம்.

எல்லாவற்றுக்கும் காரணம், என் மாமனாரின் ஸ்போர்ட்ஸ் கார்.

திண்டுக்கல்லில் ஸ்போர்ட்ஸ் காரா? நியாயமான கேள்வி. இந்த ஊரில் லாரி உண்டு, பஸ் உண்டு, ஜட்கா உண்டு, வக்கீல்கள் வீட்டில் கப்பல் மாதிரி கார்கள் உண்டு. ஆனால் தரையோடு தரையாக, கூரை இல்லாமல், சிவப்பாக, ரெண்டே ரெண்டு சீட்டோடு ஒரு கார் பழனி ரோட்டில் போகிறது என்றால், அதற்குள் இருப்பவர் என் மாமனார் பெருமாள்சாமிதான். சந்தேகமே வேண்டாம்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சித்தையன்கோட்டைப் பக்கம் நெல்லும் தென்னையும் உள்ள சம்சாரி. பிள்ளைகள் படிப்புக்காக டவுனுக்கு வந்து வீடு கட்டியவர். அறுபதைத் தாண்டிவிட்டார். நெடுநெடுவென்று உயரம், உயரத்துக்கு ஏற்ற அகலம். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். இப்படிப்பட்டவர் அந்தக் காருக்குள் எப்படி ஏறுகிறார்? ஏறுவது சுலபம். காலை நீட்டி உள்ளே விழுந்துவிடுவார். இறங்குவதுதான் கஷ்டம். ஜன்னல் கம்பி உள்ள சுவராகப் பார்த்து ஓரமாக வண்டியை நிறுத்துவார். கம்பியைப் பிடித்து மேலே வருவார். திண்டுக்கல்லில் எந்தெந்த வீட்டு ஜன்னல் கம்பி உறுதி என்பது இன்றைக்கு அவருக்கு அத்துப்படி.

கார் வந்த கதையைக் கேளுங்கள்.

கொடைக்கானல் மலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டு வெள்ளைக்காரர் ஊரைக் காலி செய்துகொண்டு சீமைக்குப் போனார். வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். என் மாமியார் அங்கம்மாளுக்கு ரொம்ப நாளாக ஒரு பீரோ வேண்டும். கண்ணாடி வைத்த, தேக்கு பீரோ. “வெள்ளக்காரன் வீட்டுச் சாமான் நல்லா இருக்கும். பாத்து எடுத்துட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பினார். மாமனாரும் தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறிப் போனார்.

சாயங்காலம் சிவப்புக் காரில் வந்து இறங்கினார். அதாவது, இறங்க முயன்றார்.

மாமியார் வாசலுக்கு வந்தார். காரைப் பார்த்தார். காருக்குப் பின்னால் பார்த்தார். தெருக்கோடி வரை பார்த்தார். வண்டி எதுவும் வரவில்லை.

“பீரோ எங்க?”

மாமனார் ஜன்னல் கம்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேரு மட்டும் உக்கார்ற வண்டிய எந்தச் சம்சாரியாச்சும் வாங்குவானா?” என்று கேட்டார் மாமியார். மாமனாருக்கு இன்னும் கம்பி அகப்படவில்லை. மாமியார் உள்ளே போனார். அன்றோடு பேச்சு நின்றது.

சண்டை போட்டு ஓயும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இது அந்த ரகம் இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வரும். வேட்டி வெளுத்து வரும். வெந்நீர் கொதிக்கும். பேச்சு மட்டும் இல்லை. பேச வேண்டியது எல்லாம் என் மனைவி சரோஜா மூலமாகத்தான். நாங்கள் அடுத்த தெரு. தினமும் சரோஜா ஒரு நடை போய்வருவாள். இருவரும் ஒரே கூடத்தில்தான் இருப்பார்கள். நடுவில் இவள்.

“சரோசா, வெஞ்சனத்துக்கு உப்பு போதுமான்னு ஒங்கப்பாகிட்டக் கேளு.”

“போதும்னு ஒங்கம்மாகிட்டச் சொல்லு.”

தபால் இலாகா கூட இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்யாது. மாதக்கணக்கில் இது நடந்தது. சரோஜா இளைத்தே போனாள்.

ஒருநாள் மாமனார் வழிக்கு வந்தார். “பழனிக்குப் போயிட்டு வரலாமான்னு ஒங்கம்மாகிட்டக் கேளு. கார்ல” என்றார். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார், கீரையிடமே பதில் சொன்னார்.

“அந்த வண்டி தெருமுக்குல வரும்போதே டொக்கு டொக்குன்னு இருமுது. ஒட்டஞ்சத்திரம் வரைக்கும் கூடப் போகாது. அந்தச் சத்தம் நிக்கட்டும். அப்பறம் பாப்போம்.”

கவனியுங்கள். ‘வரமாட்டேன்’ என்று சொல்லவில்லை. சத்தம் நிற்கட்டும் என்றார். மாமனார் என் வீட்டுக்கு ஓடி வந்தார்... ஓடித்தான் வந்தார், காரில் வரவில்லை.

“மாப்ள, அந்தச் சத்தத்த நிப்பாட்டியாகணும்.”

சத்தம் உண்மைதான். முன் பக்கத்தில் இருந்து வரும். சின்னக் கல்லில் ஏறினாலும் டொக். மாட்டுச் சாணத்தில் ஏறினாலும் டொக். கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்து வழியில் உள்ள வீட்டுக்காரர்கள் தாழ்ப்பாளைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அதுவரை மாமனார் அதை ஒப்புக்கொண்டதில்லை. “ரோட்டுல குழி. வண்டி என்ன செய்யும்?” என்பார். இப்போது குழி வண்டிக்குள்ளேயே இருப்பது அவருக்குப் புரிந்தது.

மெக்கானிக் லூர்துவைக் கூப்பிட்டோம். லாரிப் பட்டறை வைத்திருப்பவர். எந்த லாரியையும் சத்தத்தை வைத்தே இன்ன கம்பெனி, இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று பெயர். அவருடைய குறை ஒன்றுதான்: எந்த வண்டியைக் காட்டினாலும் அவர் கண்ணுக்கு அது லாரியாகத்தான் தெரியும்.

பட்டறைக்குக் காரை அனுப்ப மாமனாருக்கு மனசு வரவில்லை. அதனால் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஓலைக் கொட்டகையில் வேலை. லூர்து முதல் நாள் காருக்கு அடியில் படுத்தார். “ஸ்டியரிங்லதேன் கோளாறு” என்றார். மாட்டினார், இறுக்கினார். ஓட்டிப் பார்த்தோம். டொக். அடுத்த நாள், “வீல் பேரிங்குதேன்.” மாற்றினார். டொக். மூன்றாவதாகச் சைலன்சரைக் கழற்றிக் கட்டிப் பார்த்தார். இப்போது டொக்கோடு கூட ஒரு கிணுகிணுப்பும் சேர்ந்துகொண்டது.

“லாரியா இருந்தா இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பேன் டாக்டரே” என்றார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. பானட்டைத் திறக்கச் சொன்னேன். உள்ளே, இரு பக்கமும் சட்டியைக் கவிழ்த்த மாதிரி இரும்பு மேடு. அதன் நடுவில் ஒரு நட்டு. முன் சக்கரத்தில் இருந்து ஒரு தூண் மேலே வருகிறது. அதைச் சுற்றிச் சுருள் கம்பி. ஸ்ட்ரட் என்கிறார்கள். அந்தத் தூணின் தலையும் காரின் உடம்பும் சேரும் இடத்தில் ரப்பர் வைத்து ஒரு மவுண்ட். இரும்பும் இரும்பும் இடிக்காமல் இருக்க அந்த ரப்பர்.

“மாமா, காரோட மூக்குல உக்காந்து உக்காந்து எந்திரிங்க” என்றேன். அவரும் அப்படியே செய்தார். நான் அந்த நட்டின் மேல் விரலை வைத்தேன். ஒவ்வொரு தடவையும் நட்டு துள்ளியது.

ஆடுகிற பல்லை எத்தனை வாயில் தொட்டுப் பார்த்திருக்கிறேன்? கண் ஏமாறும். விரல் ஏமாறாது. “இதுதான்” என்றேன்.

லூர்து எட்டிப் பார்த்தார். “மேல போயி எவன் கோளாற வப்பான்?” என்று காரைத் தயாரித்தவர்கள் மேலேயே வருத்தப்பட்டார்.

சரி, நோய் தெரிந்துவிட்டது. மருந்து? மெட்ராஸில் சீமைக் கார் சாமான் விற்கும் ஒரு கடைக்கு டிரங்க் கால் போட்டேன். லைன் கிடைக்கவே மதியம் ஆகிவிட்டது. அந்தப் பக்கம் கடல் இரைகிற மாதிரி ஒரு இரைச்சல்.

“சார், ஸ்ட்ரட் மவுண்ட் வேணும்.”

“ஆமாங்க, மவுண்ட் ரோடுதான் பேசறோம்.”

“ரோடு இல்லைங்க. மவுண்ட். காருக்கு.”

“கார்ல வந்தாலும் மவுண்ட் ரோடுதான் சார். ரவுண்டாணாவுக்குப் பக்கத்துல.”

“முன்னாடி இருக்குமே, அந்த மவுண்ட்...”

“முன்னாடி இருக்கறது வேற கடை சார். அங்க போயிடாதீங்க.”

இந்த லட்சணத்தில் பேசி முடித்தேன். கடைசியில் அவர்களுக்குப் புரிந்தது. புரிந்த பிறகு சொன்ன பதில் இன்னும் மோசம். சீமையில் இருந்து கப்பலில் வரவேண்டுமாம். அதற்கு லைசென்ஸ் வேண்டுமாம். லைசென்ஸ் வந்தாலும் அந்த மாடல் ரப்பர் அங்கேயே இருக்கிறதா என்பது தெரியாதாம்.

மாமனாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “அப்ப பழனி?” என்று மட்டும் கேட்டார்.

“முதல்ல பழச கழட்டிப் பாப்போம் மாமா” என்றேன். வேறென்ன சொல்ல?

கழற்றுவதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தச் சுருள் கம்பி சும்மா நிற்பதில்லை. காரின் பாரத்தையே தாங்கி, அமுங்கி, சமயம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மேல் நட்டைக் கழற்றும் முன் அதை அமுக்கிக் கட்ட வேண்டும். அதற்கென்று ஒரு கருவி உண்டாம். லூர்துவிடம் இல்லை. லாரியில் பட்டை ஸ்பிரிங்தானே? அவர் மாட்டுவண்டிச் சங்கிலியைக் கொண்டுவந்தார். சுருளைச் சுற்றி இறுக்கி, தூணை வண்டியை விட்டு வெளியே எடுத்து நிறுத்தினார்.

“இது போதுமா லூர்து?”

“காளையையே கட்டுற சங்கிலி டாக்டரே. கம்பிய என்ன செய்யும்?”

வலது பக்கம் ஒழுங்காகக் கழன்றது. அதனால் எங்கள் மூவருக்குமே கொஞ்சம் மெத்தனம். இடது பக்கம் நட்டு பாதி திரும்பிய நேரம், மாமனார் ‘ரப்பரு எப்பிடி இருக்கு, பாப்போம்’ என்று அதற்கு நேர் மேலே தலையை நீட்டினார். சங்கிலி கிரீச்சென்று நழுவியதை நான் கேட்டேன். யோசிக்கவில்லை. அவர் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தேன்.

அவ்வளவு பெரிய மனிதரை நான் இழுத்தது அதுவே முதல் தடவை. கடைசித் தடவையாகவும் இருக்கட்டும். இருவரும் தரையில் விழுந்தோம். நான் கீழே, அவர் மேலே. தலைக்கு மேல் டமார் என்று ஒரு சத்தம். மவுண்ட்டின் இரும்புத் தொப்பி ஓலைக் கூரையைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. சுருள் கம்பி கொட்டகையை விட்டுத் துள்ளி, முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த மாமியாரின் கூழ்வற்றல் மேல் உருண்டு நின்றது. கூரையின் ஓட்டை வழியாக வெயில் உள்ளே விழுந்தது. மாமனாரின் தலை இருந்த இடத்தில் சரியாக விழுந்தது.

லூர்து சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

அடுப்படியில் இருந்து மாமியார் ஓடி வந்தார். கையில் கரண்டி. வற்றலையும் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை. நேரே மாமனாரிடம் வந்தார்.

“என்னாச்சு? மேல பட்டுச்சா?”

மாமனார் என் மேல் கிடந்தபடியே அண்ணாந்து பார்த்தார். ரேடியோவில் தன் பெயரைச் சொல்லிக் கேட்டவர் மாதிரி ஒரு முகம்.

“படலை” என்றார்.

“எந்திரிங்க. கையக் காட்டுங்க. இந்தக் கைய. தலையக் குனிங்க, பாப்போம். கண்ணு தெரியுதா? இது என்ன?”

“கரண்டி.”

மாமியாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சோடு ஞாபகமும் வந்துவிட்டது. நிமிர்ந்தார். புடவையைச் சரிசெய்தார். எங்களைப் பார்த்தார். சத்தம் கேட்டு அப்போதுதான் கொல்லைப்பக்கம் வந்து நின்ற சரோஜாவிடம் திரும்பினார்.

“சரோசா, ஒங்கப்பாவுக்கு மோரு வேணுமான்னு கேளு.”

சரோஜாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “அப்பா, மோரு வேணுமா?” என்றாள்.

“வேணும்னு சொல்லு” என்றார் மாமனார்.

அடியில் கிடந்த எனக்கு வேணுமா என்று யாரும் கேட்கவில்லை. போகட்டும்.

மோர் குடித்த பிறகு லூர்து தொப்பியைத் தேடிப் பக்கத்துக் கொல்லைக்குப் போனார். நானும் மாமனாரும் மட்டும் கொட்டகையில். அவர் அந்தக் கூரை ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

“மாப்ள, எனக்குக் கண்ணாலமான நாள்ல இருந்து இந்த வீட்டுல எப்பவும் ஆளுதேன். தம்பிக, தங்கச்சிக, அவுக பிள்ளைக, வேலையாளு, வந்தவன் போனவன். நானும் ஒங்கத்தையும் தனியா ஒரு தெரு கூடப் போனதில்ல. பழனிக்குப் போனாலும் ஒரு வண்டி சனம். அவ சட்டியத் தூக்கிட்டு வருவா, நான் பிள்ளையத் தூக்கிட்டு வருவேன். பேச எங்க நேரம்? அன்னைக்கி ஏலத்துல பீரோவத்தேன் பாத்துக்கிட்டு நின்னேன். பக்கத்துல இந்த வண்டி. ரெண்டே சீட்டுதேன், மூணாவது ஆளு ஏற முடியாதுன்னு துரை சொன்னாரு. அம்புட்டுதேன்... வாங்கிட்டேன்.”

“இத அத்தைகிட்டச் சொல்லியிருக்கலாமே மாமா.”

“இத எப்பிடிச் சொல்லுறது?” என்றார். அவர் கேட்டது என்னை இல்லை என்று நினைக்கிறேன்.

அன்று ராத்திரி சரோஜா என் இடுப்புக்குத் தைலம் தேய்க்கும்போது இதை அவளிடம் சொன்னேன். அவள் யாரிடம் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் மாமியாரிடம் இருந்து எனக்கு ஒரு தூக்கு நிறைய ஆட்டுக்கால் சூப் வந்தது. இடுப்புக்கு நல்லதாம்.

இப்போது ரப்பர் விஷயத்துக்கு வருவோம். பழைய மவுண்ட்டைப் பிரித்துப் பார்த்தோம். ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ரப்பர் வளையம். உளுந்த வடை அளவு, நடுவில் ஓட்டை. உளுந்த வடை கூட மறுநாள் இப்படி ஆவதில்லை. கையில் எடுத்ததும் உதிர்ந்தது. தூண் வெறும் இரும்பில்தான் இடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

வடை அளவு ரப்பர்... எனக்குச் சட்டென்று என் கிளினிக்கின் பின்னறை ஞாபகம் வந்தது.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், புதியவர்களுக்குச் சொல்கிறேன். இப்போது பல் செட்டைப் பிளாஸ்டிக்கில் செய்கிறோம். கொஞ்ச காலம் முன்புவரை ரப்பரில்தான் செய்தோம். அளவெடுத்து, பிளாஸ்டரில் அச்சு செய்து, அதற்குள் பச்சை ரப்பரைத் திணித்து, வல்கனைசர் என்ற இரும்புப் பானைக்குள் வைத்து ஆவியில் வேகவிடுவோம். என்னிடம் அந்தப் பானை இன்னும் இருக்கிறது. பச்சை ரப்பரும் மிச்சம் இருக்கிறது. பல்லுக்கு அச்சு செய்பவனுக்கு வடைக்கு அச்சு செய்யத் தெரியாதா?

“டாக்டரே செய்யிறாரா?” என்று லூர்து வாயைப் பிளந்தார். என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. இடுப்புதான் நிமிரவில்லை.

வடை நாலும் வெந்த அன்று கிளினிக்கே நாறியது. கந்தகமும் ரப்பரும் சேர்ந்த நாற்றம். பல் செட்டுக்கு அளவு கொடுத்திருந்த ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வெளியே உட்கார்ந்திருந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“என் பல்லா வேகுது?”

“இல்ல சார். இது காருக்கு.”

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். பிறகு மதுரையில் நல்ல பல் டாக்டர் யாரேனும் உண்டா என்று என்னிடமே விசாரித்தார்.

வடைகள் வந்தன. பளபளவென்று, அளவு பிசகாமல், கறுப்பும் சிவப்புமாக. லூர்து இந்தத் தடவை பக்கத்து ஊர்ப் பஸ் பட்டறையில் இருந்து நிஜமான கருவியைக் கடன் வாங்கி வந்திருந்தார். மாட்டினோம். மாமனார் தலையை எங்கேயும் நீட்டாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார். ஓட்டிப் பார்த்தோம்.

டொக் இல்லை. டக்.

முன்பாவது கதவைத் தட்டுகிற சத்தம். இப்போது கதவை உடைக்கிற சத்தம்.

கழற்றி எடுத்தோம். லூர்து வடையைத் தரையில் போட்டார். அது கல்லு மாதிரி ஒலித்தது. நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகம் வலித்தது போல.

“டாக்டரே, இது கடிக்கிறதுக்கு ஆகும். உக்கார்றதுக்கு ஆகாது.”

எனக்கே வெட்கமாக இருந்தது. பல் செட்டு ரப்பரில் கந்தகம் ஏராளம். முறுக்கு கடிக்க வேண்டும் என்றுதானே அப்படிச் செய்கிறார்கள்? வெந்தால் கல்லாகத்தான் ஆகும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். பெருமையில் மறந்துவிட்டேன். பெருமை வந்தால் படித்த படிப்பில் முதலில் போவது கெமிஸ்ட்ரிதான்.

மாமனார் காரின் மேல் துணியைப் போட்டு மூடினார். அந்த மூடிய விதம்... நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அப்போது உள்ளே இருந்து குரல் வந்தது.

“சரோசா, ஒண்ணும் அவசரமில்லன்னு சொல்லு. மாப்பிள்ளைய நல்லாப் பாத்துச் செய்யச் சொல்லு. கிருத்திகைக்குள்ள ஆனாப் போதும்.”

சரோஜா திருப்பிச் சொல்லவே தேவையில்லை. மாமனார் போட்ட துணியை அவரே எடுத்துவிட்டார்.

கிளினிக் இருக்கும் தெருவிலேயே, நாலு கடை தள்ளி, தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் கடை இருக்கிறது. அங்கே போய், டயருக்கும் ஒட்டுக்கும் நடுவில் வைக்கும் மெத்தென்ற பச்சை ரப்பரைக் கேட்டு வாங்கினேன். கந்தகம் கொஞ்சம்தான். அதே அச்சு, அதே பானை, அதே நாற்றம். இந்தத் தடவை ஹெட்மாஸ்டர் வரவில்லை. மதுரைக்கே போய்விட்டாரோ என்னவோ. வெந்த வடையை எடுத்து அழுத்தினேன். அமுங்கியது. விட்டேன். எழுந்தது. என் வாழ்க்கையில் எந்தப் பல் செட்டும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

மாட்டி முடித்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து மாமனார் ஓட்டினார். வத்தலக்குண்டு ரோடு. கல். குழி. பாலத்து மேடு. டொக் இல்லை, டக் இல்லை. ஒன்றுமே இல்லை. என்ன வேடிக்கை என்றால், அந்தச் சத்தம் நின்றதும் மற்றச் சத்தமெல்லாம் கேட்க ஆரம்பித்தது. கதவு ஆடுகிறது. கண்ணாடி நடுங்குகிறது. லூர்து கட்டிய சைலன்சர் கிணுகிணு என்கிறது. இத்தனை நாளும் இவை எல்லாம் இருந்திருக்கின்றன. பெரிய சத்தம் மறைத்துவிட்டது.

“இதெல்லாம் இருக்கட்டும் மாப்ள” என்றார் மாமனார். “வண்டின்னா கொஞ்சம் பேசத்தேன் செய்யும்.”

கிருத்திகைக்கு முதல் நாள் காலை கிளம்பினார்கள். மாமியார் பட்டுப்புடவை கட்டி, தலை கலையாமல் இருக்க ஒரு துண்டை முக்காடு போட்டுக்கொண்டார். காருக்குள் எப்படி விழுவது என்று சரோஜா சொல்லிக் கொடுத்தாள். விழுந்து, நிமிர்ந்து உட்கார்ந்ததும் அவருக்கு ஒரு கூச்சம். இப்படி முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை அல்லவா? “நீயும் வாயேன் சரோசா” என்றார்.

“எங்கம்மா உக்கார்றது? சீட்டு இல்லையே.”

“ஆமால்ல” என்றார் மாமியார். சீட்டு இல்லாததில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

கார் தெருமுக்கில் திரும்பியது. சத்தமில்லாமல் திரும்பியது. மாமனாரின் துண்டு மட்டும் காற்றில் பறந்தது. லூர்து என்னைப் பார்த்துப் பெருமையாக, “நம்ம வேலை” என்றார். நானும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். நாங்கள் வாசலில் நின்றோம். கார் கண்ணில் படும் முன்பே இரண்டு குரல் காதில் விழுந்தது.

“அந்தப் பஸ்ஸ எதுக்கு முந்தணும்னு கேக்குறேன். அவன் பாட்டுக்குப் போறான்.”

“அவன் புகைய நீதானே மூக்கப் பொத்திக்கிட்டு வந்த?”

“பொத்திக்கிட்டா பொத்திக்கிட்டுப் போறேன். ஒங்களுக்கென்ன? அந்த ஆட்டுக்காரன் கையெடுத்துக் கும்புட்டான். பாத்தீங்களா இல்லையா?”

“பாத்தேன் பாத்தேன். பஞ்சாமிர்தத்த மடியில வச்சிருந்தா எப்பிடிப் பிரேக் போடுறதாம்?”

“என் மடியில இருக்குற பஞ்சாமிர்தத்துக்கும் ஒங்க பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?”

ஜன்னல் ஓரம் வண்டி நின்றது. நின்ற பிறகும் சண்டை நிற்கவில்லை. அடுத்த வாரம் திருச்செந்தூருக்கு எந்த ரோட்டில் போவது என்பதில் புதிதாக ஒன்று ஆரம்பித்தது. எதிர்வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பக்கத்தில் திரும்பினேன். சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சரோஜா?”

“என்னைய விட்டுட்டு அவுகளே பேசிக்கிறாங்கங்க” என்றாள்.

என் இடுப்பு இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. அது பரவாயில்லை. ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. டொக் டொக் என்று சத்தம் வருகிற வண்டிக்கு நாளைக்குக் கூட ஆள் தேடலாம்...

சத்தமே வராத வீட்டுக்குத்தான் உடனே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.